மாஸ்டர் பாடத் தொடங்கினால்

அவர் பாடினால் நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். மெல்ல முணுமுணுத்தால் சின்னப் பிழை, சிக்னல் போடாமல் திரும்பியிருப்பேன். சொற்கள் கேட்கத் தொடங்கினால் பின்னால் யாரோ ஹோர்ன் அடிக்கப் போகிறார்கள். இரண்டாவது சரணத்துக்குப் போய், குரலும் ஏறிவிட்டதென்றால் லொறி ஒன்று எங்கள் பக்கமாக வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்திலும் மனிதர் கத்தமாட்டார், ஏசமாட்டார். கால், கார் பழக்குகிறவர் பக்கத்தில் பூட்டியிருக்கிற பிறேக்கில் இருக்கும், வாயில் பாட்டு இருக்கும்.

அதுவும் என்ன பாட்டு? சினிமாப் பாட்டுத்தான், ஆனால் எங்களுடையது இல்லை. தொப்பி போட்டவர்கள் குதிரையில் திரிகிற கவுபோய் படமொன்றில் வருகிற இங்கிலீஷ் பாட்டு. இழுத்து இழுத்துப் பாடுகிற, நெஞ்சைப் பிசைகிற மெட்டு. மழை இருட்டிக்கொண்டு வருகிறது, ஆறு பெருகப்போகிறது, நீ கதவைச் சாத்திவிடாதே, நான் வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று ஒருவன் வீட்டிலிருப்பவளுக்குச் சொல்லுகிறான். நல்ல பாட்டுத்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நோபல் பார்க் ரவுண்டபௌட்டில், நாலு பக்கத்தாலும் கார் பாய்ந்து வர, கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்குகிற நேரத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. என் மனுசனுக்குச் சீனி வருத்தம் கண்ணில் போய் நின்று, இனிக் கார் ஓடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகன் இருப்பது நகரத்தின் மற்றப் பக்கம், வெரிபீயில். ரெயினில் ஏறி, மாறி, இறங்கி, பிறகு பஸ்சுக்கு நின்று அங்கே போய்ச் சேருவதற்குள் கொண்டுபோன கறி புளித்துவிடும். "நானே கார் ஓடிப் பழகுறன்" என்றேன். மனுசன் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே பழக வேண்டியதாகப் போய்விட்டது.

டிரைவிங் பழக்க எங்கள் சனத்துக்குள் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஒருத்தர் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. இன்னொருத்தர் போனில் காணி விலை பேசிக்கொண்டே பழக்குவார். இவர் கத்தமாட்டார் என்பதால் பெண்களெல்லாம் இவரிடம்தான் போவார்கள். எல்லாரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட, என்னைவிட எவ்வளவோ இளையவர் என்பதால் நான் தம்பி என்பேன். படகில் வந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். மனைவியும் ஒரு மகளும் வவுனியாவில். மகளைக் கைக்குழந்தையாகப் பார்த்துவிட்டு வந்தவராம்.

தொடக்கத்தில் சிவனே என்று பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் டண்டினோங் சந்தைப் பக்கம் வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வந்த வேனைக் கவனிக்கவில்லை. அவர் பிறேக்கை மிதித்தார், கார் குலுங்கி நின்றது, பாட்டு உச்சத்தில். எனக்கு வந்ததே கோபம்!

"தம்பி, நான் இஞ்ச உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடுறன். உமக்குப் பாட்டுக் கேக்குதோ?"

"அக்கா, ஓரமா நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன். அவர் இரண்டு கையையும் முழங்காலுக்கடியில் ஒளித்துக்கொண்டார்.

"அது சந்தோசத்தில பாட்டுப் படிக்கிறதில்லை அக்கா. பயம் வந்தால் தன்ரபாட்டில வந்திடும்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். வந்தவுடன் அவரைத் தீவொன்றில் முகாமில் வைத்திருந்தார்கள். தினமும் காலையில் ஆட்களை எண்ண ஒரு காவலாளி வருவான். குவீன்ஸ்லாந்தில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவன், பெரிய வயிறு, நல்ல குரல். வரும்போதே இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டுதான் வருவானாம். ஆனால் சில நாட்களில் பாடாமல் வருவான். அன்றைக்கு யாரோ ஒருவருடைய நம்பரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவன் பையை எடுத்துக்கொண்டு போவான். வேறு முகாமுக்கோ, திருப்பி ஊருக்கோ, யாருக்கும் சொல்லமாட்டார்கள். போனவன் திரும்பி வரமாட்டான்.

"பாவம், அவனுக்கும் அந்த நாளில பாட ஏலாதுபோல. நாங்கள் விடிய எழும்பிக் காதைக் குடுத்துக்கொண்டு படுத்திருப்பம். பாட்டுக் கேட்டால் இண்டைக்கு ஒருத்தரையும் கொண்டு போகமாட்டினம். அப்பதான் மூச்சு வரும்."

"அதுக்கு இப்ப ஏன் படிக்கிறீர்?"

"பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒண்டும் நடக்காது எண்டு பழகிப்போச்சு அக்கா. அவன் இல்லை, அப்ப நான்தானே படிக்க வேணும்."

நான் வாயாடி. என் வாய்க்குப் பயந்து கோயில் நிர்வாகத்திலேயே என்னைச் சேர்க்கவில்லை. அன்றைக்கு, "சரி தம்பி, வெளிக்கிடுவம்" என்று மட்டும் சொன்னேன். காரை எடுத்து, கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, வீடு வரைக்கும் ஒரு பிழையும் விடாமல் ஓடினேன். அவர் பாடவே இல்லை.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கிற கண் மாறிவிட்டது. தற்காலிக விசா. நிரந்தரமாகத் தருவதா, திருப்பி அனுப்புவதா என்கிற முடிவுக்காக வருடக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார். நிரந்தரம் கிடைத்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். அதனால் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளிகூடத் தன் பெயரில் விழக்கூடாது என்று வாழ்ந்தார். மஞ்சள் விளக்கைக் கண்டால் நின்றுவிடுவார். ஆளில்லாத றோட்டில் பச்சை மனிதன் வரும்வரை காத்திருந்து கடப்பார். கீழே கிடந்த குடையொன்றை யாரோ தேடி வருவார்கள் என்று எடுத்துக் கம்பியில் கொழுவினார், உடனே தான் அதைத் தொட்டதை யாரும் பார்த்தார்களோ என்று சுற்றிவரப் பார்த்தார். விசா விசயம் பார்க்கிற வக்கீலின் போன் வந்தால் எடுக்கமாட்டார். போன் அடிக்கும், இவர் பாடுவார். அது ஓய்ந்த பிறகு, நன்றாக ஆறியிருந்து, வேறு யாரையாவது பேசச் சொல்லி என்ன விசயமென்று கேட்பார்.

"எடுத்தால்தானே நல்ல செய்தியும் வரும்?" என்று ஏசியிருக்கிறேன்.

"எடுக்காட்டி கெட்ட செய்தியும் வராது அக்கா" என்பார்.

அந்தப் படத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. வெரிபீக்குப் போயிருந்தபோது மெட்டை மகனுக்கு முணுமுணுத்துக் காட்டினேன். அவன் "அம்மா, ஸ்டொப், ஸ்டொப்" என்று சிரித்துவிட்டு, எப்படியோ தேடிப் பிடித்துப் போட்டுவிட்டான். பழைய படம். குதிரைக்காரன் ஒருவன் பெரிய மாட்டுக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போகிறான். இடி இடிக்கிறது. மாடுகள் மிரண்டு கலைந்து ஓடிவிடாமலிருக்க, அவன் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் குதிரையில் வந்துகொண்டே இந்தப் பாட்டைப் பாடுகிறான். மாடுகள் அமைதியாக நிற்கின்றன. அடுத்த நாள் அவற்றை ரெயிலில் ஏற்றி இறைச்சிக்கு அனுப்புகிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதரை மாடென்று நினைத்தானா அந்தக் காவலாளி? அடுத்த வகுப்பில் காரில் ஏறியதும் ஏறாததுமாக எல்லாவற்றையும் மாஸ்டரிடம் கொட்டிவிட்டேன். கொட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சீற் பெல்ட்டைப் போட்டார்.

"தெரியும் அக்கா, நானும் பாத்தனான். ஆனால் அந்த இரவு மாடு நிம்மதியாத்தானே நிண்டது. கண்ணாடியைச் சரிபண்ணுங்கோ."

இப்படியான மனிதரை நான் பொலிசிடம் மாட்டிவிடப் பார்த்த கதையையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்குத் தெரிந்த வீடொன்றில் பிறந்தநாள் சாப்பாடு. மாஸ்டருக்கும் அழைப்பு. வகுப்புக்கு வகுப்புமாச்சு, போனது போலவும் ஆச்சு என்று நான்தான் அவருடைய காரை ஓட்டிக்கொண்டு போனேன். தெருவெல்லாம் கார். ஒரு இடைவெளி கண்டு, பின்னுக்கு எடுத்து, ஒரே தரத்தில் நிறுத்திவிட்டேன். அந்தப் பெருமையில் இறங்கி நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் வாசலைப் பாதி அடைத்துக்கொண்டு காரின் வால் நீட்டிக்கொண்டிருந்ததை நானும் பார்க்கவில்லை. சமையலுக்கு உதவவென்று வீட்டுக்காரர் அவசரமாகக் குசினிக்குக் கூப்பிட்டதால் மாஸ்டரும் பார்க்கவில்லை.

சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் இரண்டு பொலிஸ். மரியாதையாகத்தான் கேட்டார்கள், டிரைவிங் ஸ்கூல் போர்ட் போட்ட கார் யாருடையது என்று. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து மாஸ்டரைத் தேடினார். எல்லாருக்கும் அது பகிடி. "மாஸ்டருக்கே பார்க்கிங் தெரியேல்லை" என்று ஒரு அங்கிள் கதிரையிலிருந்தபடி கத்தினார்.

மாஸ்டர் குசினியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். கையில் கழுவின கிளாஸ் ஒன்று. பாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணம். முகம் சாம்பல் பூத்திருந்தது. யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று நான் பைப்பை முழுதாகத் திறந்து சட்டிகளை உருட்டினேன். "தம்பி, இரும், நான் போய்ச் சொல்லுறன்" என்று ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நான்தான் விட்டேன், பிழை என்னுடையது, நான் பழகுகிறவள் என்றேன். இளம் பொலிஸ்காரன், மூக்கில் வெயில் பட்டு உரிந்திருந்தது, சிரித்தான். அப்படியென்றால் பக்கத்தில் இருந்து பழக்கியவர் வர வேண்டுமே என்றான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நானே என் வாயால் அவரைக் கூப்பிட வைத்துவிட்டேன்.

அவர் வந்தார். லைசன்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். உதடு அசைந்துகொண்டேயிருந்தது, சத்தத்தை அடக்க முடியவில்லை. இளையவன் லைசன்ஸைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தலையைச் சரித்துக் கேட்டான். பைத்தியமென்று நினைத்தால்? நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்தால்? ஒரு கேஸ் எழுதினால் போதும், அத்தனை வருடமும் மண்.

"இது என்ர தாத்தா படிக்கிற பாட்டு!" என்றான் அவன், அவனுடைய பாஷையில். சொல்லிவிட்டு, அடுத்த வரியைத் தானே பாடினான். சுருதி சேராத குரல், ஆனால் வாய்விட்டுப் பாடினான். பக்கத்திலிருந்த மற்றப் பொலிஸ்காரி, போதும் போதும் என்று அவன் தோளில் தட்டினாள்.

அப்போது மாஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யூனிபோர்ம் போட்ட ஒருவன் பாடுகிறான். அவர் அப்படியே வாயை மூடிக்கொண்டு, தாயைக் கண்ட பிள்ளை மாதிரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். காரைத் தள்ளி விடச் சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். எழுத்து இல்லை, தண்டம் இல்லை. அவர் புல்லில் குந்தினார். உள்ளே கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

வெஸ்ட் கேட் பாலத்துக்கு என்னைக் கொண்டுபோகமாட்டேன் என்று நெடுநாள் சாட்டுச் சொன்னார். நான் விடவில்லை. வெரிபீக்கு அதால்தானே போகவேண்டும்? மருமகளுக்குப் பிள்ளை பிறக்கும் நாளும் கிட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு காலை நேரம் சம்மதித்தார். பாலத்தில் ஏறும்போது இடப்பக்கம் ஒரு கொன்டெய்னர் லொறி, பின்னால் இன்னொன்று. கீழே தண்ணீர் எவ்வளவு ஆழத்திலோ. காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. அவர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார், எனக்கும் அது தேவையாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. காரின் ஸ்பீக்கரில், இரண்டு பேரும் துள்ளும்படி. முன்னாலிருந்த சின்னத் திரையில் 'லோயர்' என்று எழுத்து விழுந்தது, வக்கீல்தான்.

அவர் குரலை உயர்த்தினார். போனுக்கு மேலால் பாடினார். அது ஓய்ந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் மறுபடி அடித்தது.

"எடும் தம்பி."

"வேண்டாம். றோட்டைப் பாருங்கோ."

"இவ்வளவு அவசரமா அடிக்கினமெண்டால் முடிவு வந்திட்டுதுபோல. எடும்!"

"அக்கா, அதைத் தொடாதேங்கோ! எல் போர்ட்டோட ஓடுறவை போன் எடுக்க ஏலாது, சட்டம்!" அவர் கத்தியது அன்றைக்குத்தான். கத்திவிட்டு மறுபடி பாடினார், குரல் உடைந்து உடைந்து.

எனக்குப் பொறுக்கவில்லை. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! அந்தப் பாட்டை நான் அதற்கு மேல் கேட்டிருந்தால் காரைக் கொண்டுபோய் லொறியில் விட்டிருப்பேன். ஸ்டியரிங்கிலிருந்த பொத்தானைப் பெருவிரலால் அமத்தினேன்.

வக்கீலின் ஒபீசில் வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளையின் குரல். "அங்கிள்? அங்கிள், எத்தினை தரம் அடிக்கிறது? கிராண்டட், அங்கிள்! பேர்மனன்ட்! லெட்டர் வந்திட்டுது. இனி அன்ரியையும் பிள்ளையையும் அப்ளை பண்ணலாம். ஹலோ? அங்கிள்?"

பக்கத்தில் பாட்டு நின்றுபோயிருந்தது.

"பிள்ளை, அவருக்குக் கேட்டிட்டுது," என்று கத்தினேன். "நான் பாலத்தில நிக்கிறன், நடுவில! நீர் வையும்!"

பாடவும் இல்லை, பேசவும் இல்லை, அழவும் இல்லை மனிதர். மடியில் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். கால் பிறேக்கில் இல்லை, அதைக் கண்டேன். எந்த லேன், எங்கே இறங்குவது, ஒன்றும் சொல்லவில்லை. "முருகா" என்றேன், தோளுக்கு மேலால் பார்த்தேன், சிக்னல் போட்டேன், லொறிக்காரன் விட்டான். முதலில் வந்த பக்கவழியால் இறங்கி, பெட்ரோல் ஸ்டேஷன் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் அழவில்லை. "அக்கா, லேன் மாறினது நல்ல வடிவாச் செய்தீங்கள்" என்றார்.

லைசன்ஸ் எனக்கு இரண்டாம் தரத்தில் கிடைத்தது. முதல் தரம் விழுந்ததற்குக் காரணம் சோதிக்க வந்த பெண்ணோடு வாய் காட்டியது. பிறகு நாங்கள் வெரிபீப் பக்கமே வீடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். மாஸ்டரின் மனைவியும் மகளும் வந்து இறங்கிவிட்டார்கள் என்று ஒருநாள் போன் வந்தது. பயற்றம் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு, பாலத்தைத் தனியே கடந்து, நோபல் பார்க்குக்குப் போனேன்.

மனைவி மெலிந்த பெண். எத்தனை வருடம் காத்திருந்தாளோ, கண்ணுக்குக் கீழே தெரிந்தது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினி யன்னலைக் காட்டினாள். பின்வளவில் அவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். பாட்டு வீட்டுக்குள் வரைக்கும் கேட்டது. முழுப் பாட்டும், இரண்டாவது சரணம், உச்சக் குரல்.

"கேக்குதே அக்கா? நாங்கள் வந்த நாளில இருந்து இதுதான். கலியாணம் கட்டின புதுசில ஒரு பாட்டு வாயில வராது இந்தாளுக்கு. இப்ப குளிக்கேக்க பாட்டு, மகளைப் பள்ளிக்கூடம் ஏத்தேக்க பாட்டு, நான் கடைக்குப் போட்டு வரப் பிந்தினால் வாசலில நிண்டு பாட்டு. எனக்காகத்தான் இங்கிலீஷ் பாட்டெல்லாம் பழகி வைச்சிருக்கிறார்போல." வெட்கப்பட்டாள். "அவ்வளவு சந்தோசம் மனுசனுக்கு."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். "ஓம் பிள்ளை," என்றேன். "நல்ல பாட்டு அது." வேறு என்னத்தைச் சொல்ல?

வெளிக்கிடும்போது அவர் கார் வரை வந்தார். நான் கதவைத் திறக்காமல் நின்றேன்.

"தம்பி, எல்லாம் கிடைச்சிட்டுதே. விசா கிடைச்சிட்டுது, மனிசி வந்திட்டுது, பிள்ளை வந்திட்டுது. இன்னும் என்ன பயம் உமக்கு?"

ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவிக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"இனித்தானே அக்கா பயம். முந்தி கொண்டு போறதெண்டால் என்னை மட்டும்தானே கொண்டு போயிருப்பினம்."

வாசலில் மனைவி கை காட்டிக்கொண்டு நின்றாள். மகளும் வந்து தாயின் தோளில் நாடியை வைத்துக்கொண்டு நின்றாள். அவர்களை நோக்கி நடக்கும்போதே அவர் பாடத் தொடங்கிவிட்டார். கேட்டீங்களா என்பதுபோல மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.